சூப்பர்சார்ஜர் வண்டிக்கு ஷார்ட் ஃபைனல் டிரைவ்: எல்லாரும் கேக்குற கேள்விங்க

காட்பாடி காலேஜ் பசங்க, ராணிப்பேட்டை சிப்காட்ல மெஷின்ல நிக்கிறவங்க, வெளிநாட்டுல வேலை பாத்துக்கிட்டு அங்க செகண்ட் ஹேண்ட்ல ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வெச்சிருக்கிற குடியாத்தம் ஆம்பூர் தம்பிங்கன்னு எல்லாரும் என்கிட்ட சுத்தி சுத்தி ஒரே சந்தேகத்தைத்தான் கேக்குறாங்க: சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற சாமான், போட்ட வண்டிக்கு ஷார்ட் ஃபைனல் டிரைவும் சேத்துப் போடலாமா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டா நல்லதுன்னு தோணுச்சு. கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

கணக்குக்கு ஒரு வண்டி வேணும்ல, அதுக்கு ஹோண்டா எஸ்2000 எடுத்துக்கிறேன். 1999-ல வந்த முதல் மாடல், 2 லிட்டர், 9000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 9000 சுத்து) வரைக்கும் சுத்துற எஞ்சின், பின் சக்கரம் இழுக்கும், கம்பெனி ஃபைனல் டிரைவ் 4.10. நம்ம நாட்டு ஷோரூம்ல வித்த வண்டி இல்ல, ஆனா சூப்பர்சார்ஜரும் ஷார்ட் கியரும் சேத்துப் போடுறதுன்னா உலகம் பூரா முதல்ல பேசுற வண்டிங்கள்ல இதுவும் ஒண்ணு, கியர் நம்பர் எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது.

ஃபைனல் டிரைவ்னா இன்னாணா? எங்க கீது அது?

எஞ்சின்ல இருந்து கியர்பாக்ஸ், கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரம். சக்கரத்துக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை சுத்து குறையுற இடம்தான் ஃபைனல் டிரைவ். பின் சக்கரம் இழுக்குற வண்டில அது பின்னாடி டிஃபரன்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் சுத்தைப் பிரிச்சுக் குடுக்குற சாமான்) கூட்டுக்குள்ள இருக்கிற கிரவுன் பினியன், நம்ம லாரிக்காரங்களுக்கு தினமும் பாத்த சாமான். முன் சக்கரம் இழுக்குற காருன்னா கியர்பாக்ஸுக்குள்ளயே இருக்கும், அதை மாத்தணும்னா பாக்ஸையே பிரிக்கணும்.

சின்ன பல் சக்கரம் பினியன், அது சுத்தி விடுற பெரிய பல் சக்கரம் கிரவுன். பினியன்ல 10 பல்லு, கிரவுன்ல 41 பல்லுன்னா 4.10. அதாவது பினியன் 4.1 சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து. எந்த கியர்ல போனாலும் இந்த 4.1 கூட சேந்து பெருக்கிக்கும், அதனால இந்த ஒரு ஜோடியை மாத்துனா ஆறு கியரும் ஒண்ணா மாறும்.

நம்பர் பெருசாகுது, ஆனா ஷார்ட்னு சொல்றாங்களே, எது ஷார்ட்?

ஒவ்வொரு கியர்லயும் வண்டி போகக்கூடிய வேகம் குறையுது, அதான் ஷார்ட். 4.10-ல இருந்து 4.44, 4.57, 4.77-னு ஏற ஏற இழுவை கூடும், அந்தந்த கியரோட வேகம் குறையும். 4.10-ல இருந்து 4.77 போனா 16 சதவீதம் வித்தியாசம், 4.44 போனா 8 சதவீதம். கல்குவாரி டிப்பருக்கும் சென்னை லைன்ல ஓடுற லாரிக்கும் பின்னாடி கூட்டுல வேற வேற ரேஷியோ இருக்கே, அதே விஷயம்தான், டிப்பருக்கு ஷார்ட், லைன் வண்டிக்கு லாங்.

ஷார்ட் கியர் போட்டா குதிரை சக்தி ஏறுமா?

ஏறாது. எஞ்சின் குடுக்குற பவரை அது ஒரு குதிரை கூட கூட்டாது. சக்கரத்துல டார்க், அதாவது திருப்புற விசை, கூடும், அதே அளவுக்கு சக்கரத்தோட சுத்து குறையும், பெருக்கிப் பாத்தா பவர் அதே. டைனோல (பவர் அளக்குற மெஷின்) ஏத்தி 'கியர் மாத்துனதுல பவர் ஏறிடுச்சு'ன்னு யாராவது பேப்பரைக் காட்டுனா நம்பாதீங்க, சில டைனோல ஷார்ட் கியருக்கு கொஞ்சம் குறைச்சுக்கூட காட்டும், ஏன்னா எஞ்சின், கிளட்ச், ஷாஃப்ட் எல்லாத்தையும் இன்னும் சீக்கிரமா சுத்த வெக்கிறதுக்கே கொஞ்சம் பவர் போயிடுது.

சூப்பர்சார்ஜர் நெசமாவே பவரைக் கூட்டுது. கியர் அந்தப் பவர் எந்த வேகத்துல உங்க கைக்கு வரணும்னு முடிவு பண்ணுது. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் பாதி பேர் காசை விடுறாங்க.

எஞ்சின் சீக்கிரம் சுத்துதுன்னா பூஸ்ட் ஏறுமா சார்?

பூஸ்ட்னா சூப்பர்சார்ஜர் கூடுதலா குடுக்குற காத்தழுத்தம். அதே ஆர்பிஎம்ல பூஸ்ட் அதேதான். சூப்பர்சார்ஜர் பெல்ட்ல கிராங்க் கூட கட்டி இருக்கு, எஞ்சின் 6000-ல இருந்தா அது என்ன பூஸ்ட் குடுக்குமோ அதைத்தான் குடுக்கும், பின்னாடி என்ன கியர் இருக்குன்னு அதுக்குத் தெரியாது. ரெட்லைன்ல, அதாவது எஞ்சின் சுத்தக்கூடிய உச்ச ஆர்பிஎம்ல, சூப்பர்சார்ஜரோட வேகமும் மாறாது, அதை மாத்தணும்னா பெல்ட் ஓடுற புல்லியை மாத்தணும்.

ஆனா அதே ரோடு வேகத்துல பூஸ்ட் கூடும். மூணாவது கியர்ல 80 கிமீ போறீங்கன்னு வெச்சுக்கோங்க, 4.10-ல எஞ்சின் சுமாரா 4730-ல இருக்கும், 4.77-ல 5500. இது எந்த மாதிரி சூப்பர்சார்ஜர்ங்கிறதைப் பொறுத்து பெரிய விஷயமாவும் இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமயும் போகலாம்.

எந்த சூப்பர்சார்ஜருக்கு ஷார்ட் கியர் செட் ஆகும்?

ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ மாதிரி ஒவ்வொரு சுத்துக்கும் இவ்வளவு காத்துன்னு அளந்து தள்ளுற வகையில கீழ் ஆர்பிஎம்லயே பூஸ்ட் கெடைச்சிடும். அந்த வண்டிக்கு ஷார்ட் கியர் தேவையே இல்லைங்கிறது என் கருத்து, கீழேயே இழுவை தாராளமா இருக்கும்போது கியரையும் சுருக்குனா கால் வெச்ச உடனே டயர் சுத்தும், ரெட்லைன் வந்துடும், கியர் மாத்திக்கிட்டே இருக்கணும். சில பேர் அந்த வண்டிக்கு கியரை லாங் ஆக்குறதைப் பத்தி யோசிக்கிறாங்க, அதுலயும் நியாயம் இருக்கு.

சென்ட்ரிஃபியூகல் வகை வேற. ராட்ரெக்ஸ், வார்டெக் எல்லாம் இந்த வகை. இதுல பூஸ்ட் சுமாரா ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும், 9000-ல 0.6 பார் (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு) குடுக்கிறது 4500-ல அதுல கால்வாசிதான். மேல சொன்ன 80 கிமீ கணக்குல 4.10-க்கு 0.17 பார்கிட்ட வரும், 4.77-க்கு 0.22. கீழே தூங்கிட்டு மேல முழிக்கிற எஞ்சினை எப்பவும் மேலேயே வெச்சிருக்க ஷார்ட் கியர் உதவும், அதனால இந்தக் கூட்டணிக்கு அர்த்தம் இருக்கு. ஆனா அதே 80-ல ரெண்டாவது கியருக்கு இறக்குனா கம்பெனி ரேஷியோலயே 6500 ஆர்பிஎம் வந்துடும், காசு செலவில்லாம. கியர் இறக்க சோம்பேறித்தனப்பட்டு டிஃபரன்ஷியலைப் பிரிக்கிறது எனக்குப் பிடிக்கல.

ரெண்டும் சேத்துப் போட்டா டபுள் பிக்கப் தானணா?

இதுதான் எல்லாரும் கேக்குறது, இதுக்குத்தான் நிதானமா கணக்கு போடணும். வண்டி 1270 கிலோ, ஆள் சேத்து 1340. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது எடை பின்னாடி சாயும், 60 சதவீதம் பின் டயர் மேல விழுதுன்னு வெச்சா 800 கிலோ. நல்ல ரோடு, நல்ல டயர்னா பின் டயர் ரெண்டும் சேந்து சுமாரா அந்த 800 கிலோ அளவுக்குத்தான் ரோட்டைத் தள்ள முடியும். அதுக்கு மேல நீங்க எவ்வளவு அனுப்புனாலும் புகைதான்.

இப்ப சக்கரத்துக்கு எவ்வளவு வருதுன்னு பாருங்க, வழியில 15 சதவீதம் போயிடுதுன்னு கழிச்சே சொல்றேன். சூப்பர்சார்ஜர் இல்லாத கம்பெனி வண்டி 208 நியூட்டன் மீட்டர், முதல் கியர்ல அதுவே 850 கிலோ தள்ளுது. சூப்பர்சார்ஜர் போட்டு 280 நியூட்டன் மீட்டர் வருதுன்னு வெச்சா முதல் கியர் 1150. 4.77 போட்டா 1330. ரெண்டுமே டயர் தாங்குறதுக்கு மேல, அப்ப முதல் கியர்ல கியர் மாத்துன காசு வேஸ்ட்.

ரெண்டாவது கியர்லதான் விஷயமே இருக்கு. 4.10-ல 750 கிலோ, டயர் பிடிச்சிக்கிட்டு அழகா போகும். 4.77-ல 870, பிடி விட்டுடும். பிடிச்சிக்கிட்டு இருந்த கியரை பிடிக்காத கியரா மாத்திட்டீங்க. அதுவும் சென்ட்ரிஃபியூகல்னா கியரோட நடுவுலதான் பூஸ்ட் ஏறி வரும், அதனால வளைவுல இருந்து வெளிய வரும்போது திடீர்னு பின்னாடி சறுக்கும், ஈர ரோட்ல இது ஆளையே சாய்ச்சிடும். மூணாவது கியர்ல 540 இருந்தது 630 ஆகுது, இங்கதான் நெசமான லாபம். அதுக்கு மேல உள்ள கியர்லயும் கெடைக்கும், ஆனா அந்த வேகம் எல்லாம் டிராக்ல மட்டும்தான்.

அதனால யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், முதல்ல டயர், அப்புறம் கியர். டயர் பிடிக்காத வண்டில ரேஷியோ பத்திப் பேசவே கூடாது.

0-100 டைம் குறையும்ல?

4.77 போட்டா குறையாம, கூடிடக்கூட வாய்ப்பு இருக்கு. கம்பெனி ரேஷியோல ரெண்டாவது கியர் 9000 ஆர்பிஎம்ல 110 கிமீ போகும், ஒரே ஒரு தடவை கியர் மாத்துனா 100 வந்துடும். 4.44-ல 101, மயிரிழையில தப்பிக்குது. 4.57-ல 98, 4.77-ல 94 கிமீலயே ரெட்லைன். அப்ப நூறைத் தொடறதுக்கு மூணாவது கியர் போட்டே ஆகணும், அந்த ஒரு மாத்தல்ல போற நேரம் நீங்க சேத்த நேரத்தை முழுங்கிடும். இதுக்காகவே 4.44 எனக்குப் பிடிச்ச நம்பர்.

ஒவ்வொரு கியர் மாத்தும்போதும் ஆர்பிஎம் விழுது, பூஸ்ட் போயிடுது. ஷார்ட் போட்டா விழறது குறையுமா?

குறையாது. 9000-ல ரெண்டுல இருந்து மூணுக்குப் போட்டா 6500-க்கு விழும், 4.10 இருந்தாலும் 4.77 இருந்தாலும் அதே 6500. அது ரெண்டாவது கியருக்கும் மூணாவது கியருக்கும் உள்ள இடைவெளி, கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற விஷயம். அது குறையணும்னா கியருக்குக் கியர் இடைவெளி கம்மியா இருக்கிற குளோஸ் ரேஷியோ கியர் செட் போடணும், அது வேற வேலை, வேற செலவு. ஃபைனல் டிரைவ் விக்கிறவங்க சில பேர் இதைச் சொல்லியே விக்கிறாங்க, ஏமாறாதீங்க.

சென்னை ரோட்ல ஓட்டுனா மைலேஜ், சத்தம்?

நூறு கிமீல ஆறாவது கியர்ல 4.10-க்கு 3240 ஆர்பிஎம், 4.44-க்கு 3500, 4.77-க்கு 3770. பள்ளிகொண்டா டோல்ல இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அந்த 500 ஆர்பிஎம் கூடுதல் சத்தத்தோடயே போகணும். துணிக் கூரை போட்ட சாஃப்ட் டாப் வண்டில பக்கத்துல உக்காந்தவங்க வாலாஜா தாண்டறதுக்குள்ள 'இன்னா இவ்ளோ சத்தம்'னு கேட்டுடுவாங்க. மைலேஜும் குறையும், எவ்வளவுங்கிறது கால் அழுத்தத்தைப் பொறுத்தது. நிதானமா போகும்போது பைபாஸ் வால்வு திறந்து காத்தைத் திருப்பி விட்டுடும், அதனால பூஸ்ட்னால பெரிய செலவு இல்ல, ஆர்பிஎம்னாலதான்.

ஸ்பீடாமீட்டர் தப்பா காட்டுமா?

வேகத்தை எங்க இருந்து எடுக்குதுன்னு பாருங்க. கியர்பாக்ஸ்ல இருந்து எடுத்தா, அதாவது கிரவுன் பினியனுக்கு முன்னாடி எடுத்தா, 4.77 போட்ட வண்டி 100 கிமீ போகும்போது 116 காட்டும், ஓடுன கிலோமீட்டரும் அதே கணக்குல கூடிக்கிட்டே போகும். எஸ்2000 இந்த ரகம், சின்னதா ஒரு கன்வெர்ட்டர் போட்டு சரி பண்ணணும். ஏபிஎஸ் சென்சர்ல சக்கரத்துல இருந்தே எடுக்குற வண்டிக்கு ஒண்ணும் ஆகாது.

ஏலகிரி ஏறுறதுக்கு ஷார்ட் கியர் சூப்பரா இருக்கும்ல?

பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் வேகம் இருபதுக்கு முப்பதுக்கு வந்துடும், பக்கத்துல பஸ்ஸும் டூரிஸ்ட் வேனும். சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டிக்கு அங்க ஷார்ட் கியர் சுகமா இருக்கும், ஒத்துக்கிறேன். சூப்பர்சார்ஜர் வண்டிக்கு ரெண்டாவது கியர் எப்படி ஆகும்னு மேலயே கணக்கு போட்டமே, வளைவுல மண்ணு கிடக்குற இடத்துல அந்த 870 கிலோ உங்களுக்கு வேண்டாம். மலை ரோடு எல்லாருக்கும் பொது, நெசமா அழுத்திப் பாக்கணும்னா இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு, வேலூர்ல இருந்து அதே ஹைவே, ஸ்ரீபெரும்புதூர் தாண்டுன உடனே வந்துடும்.

டிராக்குக்குன்னா எந்த ரேஷியோ?

டிராக்ல இருக்கிற மிக நீளமான நேர் ரோட்டோட கடைசியில, பிரேக் போடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி, ஏதோ ஒரு கியர் ரெட்லைனை நெருங்கணும். அதுக்கு அப்புறம் நீங்க அதிகமா வெளிய வர்ற வளைவுங்கள்ல எஞ்சின் எந்த ஆர்பிஎம்ல இருக்குன்னு டேட்டா லாகர்ல (ஓட்டும்போது எல்லாத்தையும் பதிவு பண்ற கருவி) பாக்கணும். சென்ட்ரிஃபியூகல் வண்டி வளைவுல இருந்து மூணாவது கியர்ல 6150-ல வெளிய வருது, ரெண்டுக்கு இறக்குனா 8500-க்குப் போயிடுதுன்னா, அந்த நடுவுல மாட்டிக்கிட்ட வளைவுக்காக 4.44 போடுறது நல்ல முடிவு. இப்படி வளைவைக் காட்டி காரணம் சொல்ல முடியலன்னா மாத்தாதீங்க.

பைக்ல முன் ஸ்பிராக்கெட் ஒரு பல்லு குறைக்கிறோமே, அதே தானே இது? நாங்க காலேஜ் ரேஸ் காருக்கு அப்படித்தான் பண்றோம்.

அதே கணக்குதான் தம்பி. 15 பல்லை 14 ஆக்குனா 7 சதவீதம் ஷார்ட். உங்களுக்கு ஒரு மத்தியானத்துல மாத்திப் பாத்து, பிடிக்கலன்னா சாயங்காலம் திருப்பிப் போட்டுக்கலாம், கார்ல அந்த சௌகரியம் கிடையாது. இன்னொண்ணு, ஃபார்முலா ஸ்டூடண்ட்ங்கிற காலேஜ் கார் போட்டில காத்து உள்ள போற வழியில 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர், அதாவது காத்தைக் கட்டுப்படுத்துற சின்ன ஓட்டை, இருக்கு, மேல் ஆர்பிஎம்ல அது மூச்சைப் பிடிச்சிடும், சூப்பர்சார்ஜர் போட்டாலும் அது அந்த ஓட்டைக்கு அப்புறம்தான் வரணும். அதனால ரெட்லைன் வரைக்கும் இழுக்குற மாதிரி கியர் போடாம, பவர் உச்சம் எங்க இருக்கோ அதைச் சுத்தி போடுங்க.

இவ்வளவு டார்க்னா கியர்பாக்ஸ் ஒடைஞ்சிடாதா?

கியர்பாக்ஸுக்கு எஞ்சின் டார்க்தான் தெரியும், ஃபைனல் டிரைவ் அதுக்கு அப்புறம் இருக்கிறதால ரேஷியோ மாத்துறதுல கியர்பாக்ஸுக்கு சுமை கூடாது. சூப்பர்சார்ஜர்தான் கூட்டுது. ஷார்ட் கியரால அடி வாங்குறது கிரவுன், டிஃபரன்ஷியல், ரெண்டு பக்க ஆக்சில். அதுவும் பினியன்ல பல்லு குறைய குறைய பினியன் சின்னதாகும், 41-க்கு 10 இருந்த இடத்துல 40-க்கு 9 வந்தா 4.44, 43-க்கு 9 வந்தா 4.77. சின்ன பினியன்ல பெரிய டார்க். ஒட்டுற டயர் போட்டு கிளட்சை டக்குனு விட்டு கிளப்புற பழக்கம் இருந்தா அங்கதான் போகும்.

நம்ம ஊர்ல லாரி கூட்டு வேலை பாக்குற மேஸ்திரி நல்லா பண்ணுவாரு, அவர்கிட்ட குடுக்கலாமா?

கை நல்ல கைதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. வடாற்காடு பூரா லாரியும் பஸ்ஸும் ஓடுற ஊரு, கிரவுன் பினியன் செட் பண்றதுல நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்க. ஆனா மூணு விஷயத்தை அவர்கிட்ட உக்காந்து பேசிடுங்க. ஒண்ணு, கிரவுனும் பினியனும் ஜோடியா உரசி செஞ்சது, ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கான்னு பாக்கணும். அடுத்தது டயல் கேஜ் வெச்சு பேக்லாஷ், அதாவது பல்லுக்குப் பல்லு இருக்கிற இடைவெளி, அளக்கணும், கையால ஆட்டிப் பாத்து 'போதும்'னு சொல்றது இங்க போதாது, மேனுவல்ல இருக்கிற அளவுக்குள்ள வர்ற வரைக்கும் ஷிம் (மெல்லிசான தகடு) மாத்தணும்.

மூணாவது பல்லுல கலர் தடவி பேட்டர்ன் பாக்கிறது. மஞ்சள் பேஸ்டை நாலஞ்சு பல்லுல மெல்லிசா தடவி, கொஞ்சம் பிரேக் குடுத்த மாதிரி தடுத்துக்கிட்டு சுத்தணும், அப்பதான் பல்லு எங்க உக்காருதுன்னு அச்சு விழும். அச்சு பல்லோட நடுவுல முட்டை வடிவுல விழணும். மேல் விளிம்புல ஏறி விழுந்தா பினியன் தள்ளி இருக்கு, அடியில விழுந்தா பினியன் ரொம்ப உள்ள வந்திருக்கு, திரும்ப பிரிக்கணும். இந்த அச்சை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஓட்டும்போது ஆக்சிலரேட்டர் குடுத்தா ஊளைன்னா ஒரு பக்கம், விட்டா ஊளைன்னா இன்னொரு பக்கம், அப்ப அந்த போட்டோதான் உதவும்.

புது கியருக்கு முதல் 800 கிமீ பூஸ்ட் அழுத்தக் கூடாது. முதல் நாள் இருபது நிமிஷம் ஓட்டி நல்லா ஆற விட்டு திரும்ப ஓட்டணும், 800 முடிஞ்ச உடனே ஜிஎல்-5 ஆயிலை மாத்திடணும். வெளிய வர்ற ஆயில்ல மினுமினுப்பு இருக்கும், அது சகஜம். துண்டு துண்டா வந்தா வண்டியை எடுக்காதீங்க.

வேலூர் வெயிலுக்கு இது தாங்குமா?

கத்திரி வெயில்ல இங்க நாப்பது டிகிரிக்கு மேல சாதாரணமா போகுது. சூப்பர்சார்ஜர் காத்தை அழுத்தும்போதே சூடாக்கும், உள்ள போறதே நாப்பதுன்னா கேக்கவே வேணாம். எஸ்2000 கம்ப்ரஷன் 11-க்கு 1, பூஸ்டுக்கு இது ரொம்ப அதிகம், அதனால அழுத்துன காத்தை ஆத்துற இன்டர்கூலரும் நல்ல ஆக்டேன் பெட்ரோலும் இல்லாம நாக்கிங், அதாவது பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு எஞ்சின் தட்டுறது, வரும். ஷார்ட் கியர் போட்டா எஞ்சின் அதிக நேரம் மேல் ஆர்பிஎம்லயே சுத்தும், சத்துவாச்சாரி கிரீன் சர்க்கிள்னு டிராஃபிக்ல நின்னு நின்னு போகும்போது இன்டர்கூலருக்கு காத்தும் கெடைக்காது. டியூனை மே மாசத்துல பண்ணுங்க, மார்கழி காலைல பண்ண டியூனை நம்பி கோடையில அழுத்தாதீங்க.

ஆர்டிஓல பிரச்சனை வருமா? இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்சில இருக்கிற விவரத்துக்கும் கம்பெனி குடுத்ததுக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது, 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியா சொல்லிடுச்சு. கிரவுன் பினியன் பல்லு ஆர்சில எழுதுற விஷயம் இல்ல, ஆனா சூப்பர்சார்ஜர் எஞ்சின் சம்பந்தப்பட்டது. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லாம போட்டு ஆக்சிடென்ட் ஆனா கிளெய்ம் நிக்காம போக வாய்ப்பு இருக்கு. டிராக் வண்டின்னா டிராக் வண்டியா வெச்சு டிரெய்லர்ல ஏத்திட்டுப் போங்க.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஷார்ட் கியர் எப்படி இருக்கும்னு பாக்க வழி உண்டா?

உண்டு. பின் டயர் 225/50-16 இருக்கிற இடத்துல 225/45-16 போட்டா விட்டம் சுமாரா 3.5 சதவீதம் குறையும், அது அவ்வளவு ஷார்ட் ஆன மாதிரிதான். 4.44-ல பாதி ருசி தெரிஞ்சிடும். இதையே திருப்பியும் யோசிங்க, பார்க்க நல்லா இருக்குன்னு பெரிய டயர் மாட்டிட்டு அப்புறம் ஷார்ட் கியர் வாங்குறவங்க ரெண்டு தடவை செலவு பண்ணி இருந்த இடத்துலயே நிக்கிறாங்க.

ஏற்கனவே ஷார்ட் கியர் போட்ட வண்டி ஒண்ணு விலைக்கு வருது. 4.77-ன்னு சொல்றாரு. அதுலயே சூப்பர்சார்ஜர் போட்டுடலாமாணா?

முதல்ல சொல்றது உண்மையான்னு பாருங்க. பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்ட்ல வெச்சு, நியூட்ரல் போட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட்ல சாக்பீஸ்ல ஒரு கோடு. சக்கரம் ரெண்டையும் ஒண்ணா பத்து சுத்து சுத்துங்க, ஷாஃப்ட் எத்தனை சுத்து வருதுன்னு எண்ணுங்க. 41 வந்தா கம்பெனி கியர், 44-க்கும் 45-க்கும் நடுவுலன்னா 4.44, 48-கிட்ட வந்தா 4.77. ஒரு சக்கரம் மட்டும் சுத்தி இன்னொண்ணு நின்னா கணக்கு பாதி ஆயிடும், அதனால ரெண்டும் சேந்து சுத்தணும்.

நெசமாவே 4.77-ன்னா, ரூட்ஸ் வகை போடுறதா இருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்வேன், காரணம் மேல இருக்கு. சென்ட்ரிஃபியூகல்னா போடலாம், ஆனா குறைஞ்ச பூஸ்ட் புல்லில ஆரம்பிங்க, பின் டயரை நல்லதா மாத்துங்க, டிஃபரன்ஷியல் ஆயிலை ஒரு தடவை வடிச்சுப் பாத்துட்டு அப்புறம் கிட்டுக்கு ஆர்டர் குடுங்க. பழைய 4.10 செட்டை அவர் பத்திரமா வெச்சிருந்தா அதையும் சேத்து விலை பேசி வாங்கிடுங்க.